வாய்க்கட்டு

பதினோரு மாதமாக மங்கலத்தை அவள் வீட்டில் ஒருத்தரும் கூப்பிடவில்லை. அம்மா என்று இல்லை, மங்கலம் என்று இல்லை, ஏட்டீ என்றுகூட இல்லை. புருஷன் ஹரிகுமாருக்கு ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் பிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். "இன்னைக்கு கேஸ் கொண்டு வருவான், ஆள் இருக்கணும்" என்று பிரிட்ஜிடம் அறிவித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். பிரிட்ஜா போய்க் கதவைத் திறக்கும்? மங்கலம்தான் திறப்பாள். மகள் அஸ்வதி அந்த அளவுக்குக்கூட இல்லை. காலையில் டீ போட்டு, தட்டு வைத்து மூடி, அம்மா உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். 

இதற்குத்தான் அமைதிநெறிச் சபையில் வாய்க்கட்டு என்று பெயர். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் கடை, கணக்கெழுத்து, வாத்தியார் வேலை என்று காலூன்றிய ஒரு இருநூறு குடும்பம் அந்தச் சபை. கிழக்கேகோட்டையில் ஒரு சந்துக்குள் மாடி மேல் அவர்களுக்கு மண்டபம் உண்டு. ஊரார் ஊமைச்சாமி கூட்டம் என்று கேலி செய்வார்கள். அவர்களுடைய குருநாதர் பரமார்த்தலிங்கம், இளவயதில் பொன்முடிக்கு ஏறிப்போய், ஒரு குகையில் பன்னிரண்டு வருஷம் ஒரு சொல் பேசாமல் இருந்தாராம். இறங்கி வந்து வாய் திறந்த பிறகு சொன்னதெல்லாம் வேதமாம். அதனால் காலையில் ஒரு மணி நேரம் சபையார் யாரும் பேசமாட்டார்கள். பால்காரன் மணியடித்தாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி. சபைக்குத் துரோகம் செய்தவரிடம் ஒரு மணி நேரம் இல்லை, எப்போதுமே பேசமாட்டார்கள். கட்டு உள்ளவரிடம் யாராவது ஒரு சொல் பேசினால், அந்தக் கட்டு பேசினவர் தலையிலும் விழும்.

மங்கலம் செய்த துரோகம் என்னவென்றால், குருநாதரின் வரலாற்றை எழுதினாள். அதுவும் அவளாகப் போய் எழுதவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு ஒரு புத்தகம் வேண்டும், ரிட்டயரான தமிழ் டீச்சர் நம் குடும்பத்திலேயே இருக்கிறாளே என்று சபைத் தலைவர் திரவியம்தான் எழுதச் சொன்னார். திரவியம் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். சாலைக் கடைத்தெருவில் பெரிய பாத்திரக்கடை வைத்திருக்கிறவர்.

மங்கலத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்து வயதிலிருந்து அந்தக் காலை மௌனத்தில் உட்கார்ந்தவள். மற்றவர்களுக்கெல்லாம் குருநாதரிடம் பயம். இவளுக்கு மட்டும் பிரியம். எழுதுவதென்றால் அவர் இருந்த குகையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று பொன்முடி பஸ் ஏறினாள். அஸ்வதியும் லீவு போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாலும் விடவில்லை அந்தப் பிள்ளை.

குகை இல்லை. கேட்ட இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். ஆறாவது பயணத்தில், எஸ்டேட் லயத்தில் கடைசி வீட்டில், எண்பது வயது சற்குணத்தைக் கண்டார்கள். தேயிலை கிள்ளியே விரல் கறுத்துப்போன கிழவி. குருநாதரின் படத்தைப் பார்த்ததும், "இது எங்க அப்பா இல்லியா? இவரு படம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வருஷமும் அவர் எஸ்டேட்டில் பேர் எழுதுகிற வேலை பார்த்திருக்கிறார். வடிவம்மாள் என்ற கூலிக்காரியோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். நன்றாகப் பேசுவாராம், பாடுவாராம், சற்குணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கதை சொல்வாராம். ஒரு நாள் மலையடிவாரத்தில் விதுரைச் சந்தைக்குப் போய் வருகிறேன் என்று இறங்கினவர் திரும்பி வரவில்லை. வடிவம்மாள் ஆறு மாதம் தேடி, கடைசியில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கிழக்கேகோட்டை மண்டபத்துக்கே வந்துவிட்டாள். மேடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மனிதர் அவளைப் பார்த்ததும் வாயை மூடினார். "என்னங்க, நான் வடிவு, பிள்ளையப் பாருங்க" என்று அவள் கதறக் கதற, ஒரு சொல் சொல்லவில்லை. சுற்றி இருந்தவர்கள், ஐயோ, பாவி ஒருத்தி உள்ளே வந்ததால் குருநாதருக்கு மௌனம் வந்துவிட்டதே என்று, இரண்டு பேரையும் படியில் தள்ளிவிட்டார்கள். வாய்க்கட்டு பிறந்தது அன்றைக்குத்தான்.

அவ்வளவையும் மங்கலம் எழுதினாள். எஸ்டேட் ஆபீஸில் கிடந்த பழைய பேர்ப்புத்தகத்தில் குருநாதரின் கையெழுத்தைக் கண்டுபிடித்து, அதையும் படம் எடுத்துப் போட்டாள். உள்ளதைச் சொன்னால் சபை அழும், வடிவம்மாள் பேருக்கு ஒரு விளக்கு ஏற்றும், குருநாதரின் பாவம் கழியும் என்று நினைத்தாள். பைத்தியக்காரி! ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தும் அவர்களை அவள் படித்தது அவ்வளவுதான். அண்ணனிடம் காட்டாமல் நாகர்கோவிலில் முந்நூறு பிரதி அடித்து, விழா அன்றைக்கு மண்டபத்திலேயே கொடுத்துவிட்டாள். முதல் பிரதியை மட்டும் பொன்முடிக்குக் கொண்டுபோய், சற்குணத்தின் கையில் கொடுத்திருந்தாள். படிக்கத் தெரியாத சற்குணம், அம்மா பேர் வரும் பக்கத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எந்த எழுத்து என்று விரல் வைத்துக் கேட்டு, தடவிப் பார்த்தாள். "இனி எங்க அம்மைய யாரும் வப்பாட்டின்னு சொல்ல முடியாது, இல்லியா டீச்சரம்மா?" என்றாள். யாரும் சொல்ல முடியாது, நான் இருக்கிறேன் என்று மங்கலம் கையில் அடித்துக் கொடுத்தாள்.

விழா முடிந்த மறுவாரம் வாய்க்கட்டு விழுந்தது.

பதினோரு மாதம் என்பது சொல்வதற்குச் சுலபம். மங்கலம் ஒரு குரல் கேட்பதற்காகவே காலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போவாள். வேண்டாத கோவைக்காய்க்கும் வழுதணங்காய்க்கும் பத்து நிமிஷம் பேரம் பேசுவாள். "சேச்சி, எடுக்குன்னெங்கில் எடுக்கு" என்று காய்கறிக்காரி எரிந்து விழுந்தால், அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டில் அவள் பேசலாம், தடையில்லை, பதில்தான் வராது. முதல் இரண்டு மாதம் பேசிப் பார்த்தாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். பிறகு தன் குரலே தனக்கு அருவருப்பாகி, பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஹரிகுமாரும் அஸ்வதியும் ஓடிவந்து தூக்கினார்கள், துணி மாற்றினார்கள், ஆட்டோவில் ஏற்றினார்கள். வழி முழுக்க ஒரு சொல் இல்லை. வலிக்கிறதா என்று அந்த ஆட்டோக்காரன்தான் கேட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, அஸ்வதி, "அம்ம பாத்ரூமில் வீணதா, டாக்டர்" என்றாள். மங்கலத்துக்குக் கண்ணீர் கொட்டியது. வலியில் அழுகிறாள் என்று நர்ஸ் ஊசி போட்டாள். வலியா? அம்ம என்று சொல்லிவிட்டாளே! டாக்டரிடம் சொன்னால் என்ன, மலையாளத்தில் சொன்னால் என்ன, சொன்னது அவள் வாய்தானே. கை முறிந்த அந்த நாள்தான் அந்த வருஷத்திலேயே மங்கலத்துக்கு நல்ல நாள்.

மகள் தன்னை வெறுக்கிறாள் என்று மங்கலம் முடிவுகட்டியிருந்தாள். வெறுக்காமல் என்ன செய்வாள்? சபைப் பையன் பிரபினோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆவணியில் முகூர்த்தம். பெற்றவள் இப்படி ஒரு கரியைப் பூசி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அஸ்வதி விடிவதற்குள் கிளம்பிப் போய்ச் சாயங்காலம்தான் வருவாள். ஒரு நாள் துவைக்கப் போட்ட ஜீன்ஸ் பையில் விதுரைக்கு எடுத்த பஸ் டிக்கெட்டும், நாலு சுட்ட பலாக்கொட்டையும் கிடந்தன. பிரபினோடு பொன்முடிக்குச் சுற்றிப் பார்க்கப் போயிருப்பாள், நான் அந்த மலையில் அலைந்தது இவளுக்கு ஒரு பொருட்டா என்று மங்கலம் டிக்கெட்டைக் கசக்கி எறிந்தாள். பலாக்கொட்டையை மட்டும் ஏனோ எறிய மனம் வராமல் தின்றாள்.

ஆடி பிறந்ததும் திரவியம் வீட்டுக்கு வந்தார். தலைவர் ஆனாலும் கட்டுக் கட்டுத்தானே. தங்கையைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த குருநாதர் படத்துக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"குருநாதரே, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் வருது" என்று படத்திடம் ஆரம்பித்தார். "கட்டு இருக்கிற ஒருத்தி மண்டபத்துப் படி ஏற முடியாது. ஆனாலும் நாம கல்மனசுக்காரங்க இல்லை. வாய் திறப்பு நடத்தலாம்னு சபை முடிவு பண்ணியிருக்கு. மேடையில நின்னு அவ ரெண்டு வாக்கு சொல்லட்டும். சொன்னா, ரத்த சொந்தம் ஒருத்தர், அதாவது மகளே, எல்லார் முன்னாடியும் அம்மான்னு மூணு தடவை கூப்பிடுவா. கூப்பிட்டா கட்டு அவிழ்ந்துரும். கூப்பிடலைன்னா சாகிற வரைக்கும் கட்டுத்தான். ஆனா அஸ்வதி தங்கமான பிள்ளை, கூப்பிடுவா."

"என்ன வாக்கு அண்ணே?" என்றாள் மங்கலம். அவளுக்கே கேட்காத குரல்.

திரவியம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எழுதினது பொய். பொன்முடியில இருக்கிற சற்குணம்ங்கிறவ பொய் சொன்னா, நான் நம்பி எழுதிட்டேன். இவ்வளவுதான்."

"என் மேல தப்புன்னு சொல்லிடுறேன் அண்ணே. எழுதினது நான், ஏமாந்தது நான். அந்தக் கிழவி பேரு எதுக்கு?"

"பேரு வேணும், குருநாதரே. பேரு இல்லைன்னா நாளைக்கு இன்னொருத்தன் பேனாவை எடுத்துட்டு மலைக்குப் போவான்." திரவியம் எழுந்து, படத்தைக் கும்பிட்டுவிட்டு, நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். போகிறபோது ஹரிகுமாரின் தோளைத் தட்டினார். ஹரிகுமார் பிரிட்ஜைப் பார்த்தார்.

மங்கலம் மூன்று நாள் தூங்கவில்லை. கையில் அடித்துக் கொடுத்தது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் சற்குணம் எங்கே இருக்கிறாள், மலை உச்சியில். கிழக்கேகோட்டைச் சந்துக்குள் சொல்வது அவளுக்கு எப்படித் தெரியும்? படிக்கத் தெரியாது, போன் கிடையாது, ஒட்டும் உறவும் கிடையாது. புத்தகம் அவள் பெட்டியில்தான் இருக்கும், அந்தப் பக்கத்தை யார் கிழிக்கப் போகிறார்கள்? கல்யாணம் முடிந்ததும் அஸ்வதியையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுபோய், ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு வரலாம். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசாட்சிக்கு லஞ்சம் கொடுப்பதில் டீச்சர்மாருக்கும் நல்ல கைராசிதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அஸ்வதியின் அறை வாசலில் நின்று, "அச்சு, அம்மா அந்த ரெண்டு வாக்கையும் சொல்லிடுறேன்" என்றாள். "நீ கூப்பிட்டாப் போதும் மக்கா."

அஸ்வதி நிமிர்ந்து பார்த்தாள். வாய் அசைந்தது, ஏதோ சொல்ல வந்தாள். ஹாலில் ஹரிகுமார் செருமினார். அஸ்வதி தலையை வேண்டாம் என்று ஆட்டினாள். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை. அப்பா இருக்கிறார், இப்போது பேச வேண்டாம் என்கிறாள் என்று மங்கலம் எடுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் தலையாட்டலைக்கூடத் தனக்கு வேண்டிய மாதிரித்தான் படித்தாள் அந்த மகராசி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. செருப்புகள் படி வரைக்கும் வழிந்தன. மங்கலம் பட்டுச்சேலை கட்டி, தலை குனிந்து, ஆட்கள் ஒதுங்கிக் கொடுத்த வழியில் நடந்து மேடை ஏறினாள். விளக்கின் முன் நின்று, கும்பிட்டு, நிமிர்ந்து சபையைப் பார்த்தாள்.

முதல் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், சற்குணம் உட்கார்ந்திருந்தாள்.

தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. மங்கலத்தைக் கண்டதும் பல்லில்லாத வாய் நிறையச் சிரித்து, "டீச்சரம்மா, காரு அனுப்பிக் கூப்பிட்டாங்க! எங்க அம்மை பேரைச் சபையில சொல்லப்போறீங்களாமே!" என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரவியம் மேடையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கார் அனுப்பியது யார், என்ன சொல்லி அனுப்பியது என்று யாரும் மங்கலத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட பாவி, கூடப்பிறந்தவனே!

அப்போதே இறங்கியிருக்கலாம். கால் இருந்தது, படி இருந்தது. ஆனால் வலது பக்கத்தில் தூணோரமாக அஸ்வதி நின்றிருந்தாள், மாம்பழ நிறச் சுடிதாரில், கண் இமைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்ததும் மங்கலத்துக்கு வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம். மூன்று தடவை கூப்பிடுவாள்.

"நான் எழுதினது பொய்" என்றாள். "பொன்முடியில இருக்கிற... சற்குணம்ங்கிறவங்க... பொய் சொன்னாங்க. நான் நம்பி எழுதிட்டேன்."

சற்குணத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. தவறாகச் சொல்லிவிட்டார்கள், இப்போது திருத்திச் சொல்வார்கள் என்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். தேயிலைக் கொழுந்து ஒன்றைக் காயவைத்து அடையாளம் வைத்திருந்த பக்கத்தை விரித்து, எழுந்து, தள்ளாடி மேடைப் பக்கம் வந்தாள்.

"இதுல இருக்கே டீச்சரம்மா. இந்த இடந்தானே? நீங்கதானே மூணு தடவை வாசிச்சீங்க?" அவள் விரல் சரியாக வடிவம்மாள் என்ற பேரின் மேல்தான் இருந்தது. "நான் என்ன பொய் சொன்னேன்? சொல்லுங்க. எனக்கு மறந்திருக்கும், வயசாச்சு. எது பொய்யின்னு சொல்லுங்க டீச்சரம்மா."

மங்கலம் வாயை மூடிக்கொண்டாள். விளக்கைப் பார்த்தாள், திரியைப் பார்த்தாள், எண்ணெயில் மிதந்த ஒரு ஈயைப் பார்த்தாள். கிழவி இன்னும் இரண்டு தடவை "டீச்சரம்மா" என்று கூப்பிட்டாள். மங்கலம் ஒரு சொல் சொல்லவில்லை.

"போதும், உக்காருங்க" என்று திரவியம் கிழவியைக் கையமர்த்தினார். "அஸ்வதி, வா மோளே. அம்மையைக் கூப்பிடு."

அஸ்வதி தூணை விட்டு நடந்து வந்தாள். மேடை ஏறி, அம்மாவுக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் நின்றாள். அவள் முடியின் காய்ச்சின எண்ணெய் வாசம் மங்கலத்துக்கு அடித்தது. மங்கலம் இரண்டு கையையும் நீட்டினாள். கூப்பிடு என் ராசாத்தி, கூப்பிடு. அஸ்வதியின் உதடு திறந்தது. மூடிக்கொண்டது. கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டு, திரும்பி, மேடையிலிருந்து இறங்கினாள்.

"ஆச்சி, வாங்க போகலாம்" என்றாள் சற்குணத்திடம். புத்தகத்தை வாங்கிக் கொழுந்தோடு மூடிப் பையில் வைத்தாள். "விதுர பஸ்ஸு பன்னெண்டே காலுக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா நான் உங்க வீட்டுக்கு வர்றதுதானே. வழியில சாப்பிட்டுக்கலாம்."

"டீச்சரம்மா ஒண்ணும் சொல்லலியே மக்கா?" என்றாள் சற்குணம்.

"அவங்ககிட்டக் கேக்காண்டாம் ஆச்சி. அவங்க வாய் திறந்து மிண்டமாட்டாங்க."

பிரபின் எழுந்தான். அவனுடைய அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். திரவியம், "ஏ பிள்ளே, கூப்பிடாமப் போனா உனக்கும் சபை இல்லை, கல்யாணமும் இல்லை, கேட்டியா?" என்று கத்தினார். கிழவியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அஸ்வதி படியிறங்கினாள். பதினோரு மாதம் தட்டு மூடி டீ வைத்தவள், ஞாயிறு தவறாமல் மலையேறி, புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கிழவிக்கு வாசித்துக் காட்டியவள், திரும்பிப் பார்க்கவில்லை.

"அச்சூ!" என்று மங்கலம் கத்தினாள். மண்டபத்தில் இருநூறு குடும்பம் இருந்தது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டு அவிழவில்லையே, எப்படிப் பார்ப்பார்கள்? அவள் மேடையை விட்டு இறங்குவதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு அஸ்வதி வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய அலமாரியில் துணி இல்லை; காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். அம்மா அந்த இரண்டு வாக்கைச் சொல்லாமல் இறங்கி வந்திருந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதற்கு என்று, மங்கலத்தின் இரண்டு சேலையையும் மடித்து ஒரு பையில் வைத்து, கட்டில் மேல் விட்டுப் போயிருந்தாள். மங்கலம் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஹரிகுமார் வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார், தண்ணீர் குடித்தார். பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"நாளையிலிருந்து பால் ஒரு பாக்கெட் போதும்" என்று பிரிட்ஜிடம் சொன்னார்.